வண்டித் தடத்தில் நீ கேட்டது

ஸ்டெல்லா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏரோகிராமின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிப்பது உன் அம்மாவின் வேலையாக இருந்தது. நான் அவசரத்தில் கிழித்துவிட்டேன். கிழிந்த இரண்டு துண்டுகளையும் மேசையில் சேர்த்து வைத்துத்தான் படித்தேன். குளியலறையில் நான் வழுக்கி விழுந்ததை உன் தங்கை ரோஸ்லின் உனக்கு எழுதிவிட்டாள், எழுத வேண்டாம் என்று சொல்லியும். அம்மாவும் போய்விட்டாள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரோஸ்லின் அடையாற்றிலிருந்து தினமும் சாந்தோமுக்கு எப்படி வந்து போவாள், அமெரிக்காவில் பார்க்கும் பள்ளி நூலக வேலையை விட்டுவிட்டு நானே வந்துவிடுகிறேன், நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று கேட்டிருக்கிறாய். மறுநாள் காலையில் அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். பிறகு அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இதற்கு முன்பும் ஒரு தடவை, வருவதற்கு நீ என்னிடம் அனுமதி கேட்டாய். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியும் தெரிந்த பிறகே நீ முடிவு செய்ய வேண்டும். அதனால் இது ஒரு வார்த்தைக் கடிதமாக இல்லாமல் போய்விட்டது.

முப்பது வருடம் மயிலாப்பூரில் பையன்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். பாடப் புத்தகத்தில் அமெரிக்கர்கள் மேற்கே குடிபெயர்ந்த கதை ஒன்றரைப் பக்கம்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படம்: வெள்ளைத் துணி போட்ட கூண்டு வண்டி, முன்னால் மாடுகள், பக்கத்தில் நடந்துபோகும் ஒரு பெண். "சார், வண்டி இருக்கறப்போ அந்தம்மா ஏன் நடக்குது?" என்று வருடா வருடம் ஒரு பையனாவது கேட்பான். வண்டி நிறையச் சாமான், மாடு இழுக்க வேண்டாமா, எல்லோரும் நடந்துதான் போனார்கள், ஆறு மாதம் நடந்தார்கள் என்று சொல்வேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் நான்கு பீரியட் நடத்துவேன். கடலைத் தாண்டி எங்கும் போகாதவனுக்கு அந்தப் பாதையின் மேல் ஏனோ அப்படி ஒரு பிடிப்பு. உனக்கும் ரோஸ்லினுக்கும் சின்ன வயதில் அதைத்தான் கதையாகச் சொன்னேன். கூண்டு வண்டி ஆற்றைக் கடக்கும் இடத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொள்வாய்.

எழுபத்து மூன்றில் கோடை விடுமுறைக்கு மாப்பிள்ளை எனக்கு டிக்கெட் அனுப்பியபோது, முதலில் உன்னைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பாதையைப் பார்க்கப் போகிறோம் என்று தோன்றியது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரோஸ்லினை விட்டு வர முடியாது என்று அம்மா நின்றுவிட்டாள். "அவ முகத்தை நல்லா பாத்துட்டு வாங்க. எழுதறதுல ஒண்ணும் தெரியல" என்று மீனம்பாக்கத்தில் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாண்டி பஜாரில் வாங்கிய அந்தக் கோட்டு எனக்குத் தோளில் பெரிதாக இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே தலையாட்டினேன்.

டென்வரில் உங்கள் வீட்டில் இருந்த முதல் வாரத்தில் மாப்பிள்ளை என்னை ராஜா மாதிரி நடத்தினார். தி. நகரில் நல்ல பெயர் எடுத்த குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்கக் கம்பெனியில் இஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். அவர் வீட்டில் இருக்கும்போது நீ அதிகம் பேசவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். வண்டிப் பாதையைப் பார்க்க மூன்று நாள் பயணத்துக்கு அவரும் வருவதாக இருந்தது. கடைசியில் வேலை வந்துவிட்டது என்றார். நீ ஓட்டுவதாக முடிவானது. புறப்படும் காலையில் அவர் காருக்குள் தலையை விட்டு, மைல் காட்டும் மீட்டரைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். போகும் இடங்களின் பெயர்களையும் தூரத்தையும் அதே சீட்டில் எழுதியிருந்தார். "தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணணும்" என்று உன்னிடம் சொன்னார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நெஞ்சில் முழுதாகப் பதியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அதைத்தான் நினைத்தேன்.

நகரம் முடிந்து புல்வெளி தொடங்கியதும் நீ பாடினாய், ஞாபகமிருக்கிறதா? கோயில் பாடகர் குழுவில் பாடிய பழைய பாட்டு. அந்த வாரத்தில் உன் குரலை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். மத்தியானம் நெப்ராஸ்காவில் அந்தச் சிம்னிப் பாறை தெரிந்தது. சமவெளியில் விரலை நீட்டியது போலத் தனியாக நிற்கும் பாறை. வண்டிக்காரர்களுக்கு அது தெரிந்துவிட்டால் சமவெளி முடிகிறது, இனி மலை என்று அர்த்தம். காரை நிறுத்தி, நீ கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். பிறகு நான் உன் இடப் பக்கம் நின்று, சமவெளியில் ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மைல் போகும் தெரியுமா என்று கேட்டேன். நீ பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி கேட்டேன். பதிலில்லை. உன் தோளைத் தொட்டதும் துள்ளிவிட்டு, வலது காது என் பக்கம் வரும்படி மொத்தமாகத் திரும்பினாய்.

"என்னப்பா சொன்னீங்க?"

"காதுல என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சளி பிடிச்சு அடைச்சுக்கிச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"உங்க மாப்பிள்ளை வேணாம்னுட்டார். தானா சரியாயிடும்னார்."

இதற்கு மேல் நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம், என் வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்தேன். கொஞ்சம் ஓங்கிவிட்டேன். மறுநாள் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் அவன் அப்பா, தையல்கடைக்காரர், பள்ளிக்கு வந்து, "சார், அவனுக்கு அந்தக் காது கேக்கல. முன் பெஞ்சுல உக்கார வையுங்க" என்றார். என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் யார்மேலும் கை வைத்ததில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும், நான் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பையன் மொத்த உடம்போடு திரும்பி வலது காதைக் கொடுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறக்கக்கூடிய அசைவு இல்லை. சிம்னிப் பாறையின் முன்னால் நீ அப்படித் திரும்பிய அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஸ்டெல்லா. சந்தேகப்பட்டேன் என்றுகூட எழுதலாம் என்று பார்த்தேன். சந்தேகம் இல்லை. தெரிந்துவிட்டது.

தெரிந்தும் மறுநாள் அந்தப் பாதையில் இருந்த லாரமி என்னும் கோட்டைக்குப் போய் சுவரில் இருந்த பலகைகளை ஒன்று விடாமல் படித்தேன். படிப்பதற்குப் பலகை இருந்தவரை உன்னைப் பார்க்காமல் இருக்க முடிந்தது. அகலத் தொப்பி வைத்த வயதான காவலர் ஒருவர் நமக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினார். வண்டிகள் இங்கே வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்குப் பாதை முடிந்திருக்கும், மாடுகள் இளைத்திருக்கும், பாதி வழியிலேயே கட்டில்களையும் அலமாரிகளையும் புல்வெளியில் இறக்கிவிட்டு வந்திருப்பார்கள் என்றார். அந்த மண்ணுக்குச் சொந்தமான பழங்குடிகளோடு ஒப்பந்தம் போட்டதும் இங்கேதான், அதை மீறியதும் நாங்கள்தான் என்றார். பிறகு, சிலர் இந்தக் கோட்டையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார்கள் என்று சொன்னார். அதுவரை பேசாமல் வந்த நீ, "திரும்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டாய். அவர் தொப்பியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, "தெரியாதம்மா. அவர்கள் அதிகம் எழுதி வைக்கவில்லை" என்றார்.

வெளியே வந்ததும் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "திரும்பிப் போனவன் கதையை யார் எழுதுவான்? போய்ச் சேந்தவன் கதைதாம்மா சரித்திரம்." சொன்னபோது அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. உன் கேள்வி யாரைப் பற்றியது என்று புரிந்துதான் அதைச் சொன்னேன். நீ அடுத்த கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

நீ கேட்டுவிட்டாய். அங்கிருந்து பக்கத்து ஊரில், மணற்பாறைமேல் வண்டிகள் ஏறிப்போன தடம் இருக்கிறதே, அங்கே. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருடக்கணக்கில் ஏறி, பாறையே என் நெஞ்சளவுக்கு அறுபட்டுக் கிடந்தது. நான் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதற்குள் நிற்கிறோம் என்று தோன்றியது. நீ மேலே விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தாய்.

"அப்பா, நானும் உங்ககூட ஊருக்கு வந்துடட்டுமா?"

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா?"

"அவர் இல்லப்பா. நான் மட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

நீ காலை மடக்கி மேலே இழுத்துக்கொண்டாய். நான் பாறையைத் தடவிக்கொண்டே பேசினேன். "ரோஸ்லினுக்கு அடையாறுலேர்ந்து ஒரு இடம் வந்திருக்கு. நல்ல குடும்பம். இப்ப நீ வந்து வீட்டுல நின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அந்தக் கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்பப்பா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்."

"என்ன இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியேப்பா."

அப்போதாவது கேட்டிருக்கலாம். வேறு ஆள் இல்லை. காற்று மட்டும்தான். நான் என்ன செய்தேன்? கோட்டையில் கொடுத்த அச்சிட்ட தாளைக் காட்டி, "இந்த வழியில பெத்த பிள்ளையைப் புதைச்சிட்டு மறுநாள் காலையில எழுந்து நடந்திருக்காங்க. நரி தோண்டக் கூடாதுன்னு புதைச்ச இடத்து மேலேயே வண்டியை ஓட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்களும் பொம்பளைங்கதான்" என்றேன். நீ எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "சரிப்பா" என்று சொல்லிக் காரைப் பார்த்து நடந்தாய்.

அதன் பிறகு வண்டிக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிய பாறைக்குப் போனோம். நான் பெயர்களைப் படித்துக்கொண்டே நின்றதில் நேரமாகிவிட்டது. ஆறு மணி தாண்டியது தெரிந்ததும் நீ ஓட்டிய வேகம் எனக்குப் பயமாக இருந்தது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் இருந்த போன் கூண்டுக்குள் ஓடினாய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ கேட்டுக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாய், எதிரில் அவர் நிற்பது போல. நான் காரை விட்டு இறங்கவில்லை. அவர் டிக்கெட்டில் வந்திருக்கிறேன், அவர் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன், அவரிடம் போய் என்ன கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் விமான நிலையத்தில் நீ என் கையை விடவில்லை. நான்தான் விடுவித்துக்கொண்டு போனேன்.

இங்கே வந்து அம்மாவிடம், நன்றாக இருக்கிறாள், வீடு முழுக்கக் கம்பளம், தானே கார் ஓட்டுகிறாள் என்றேன். பங்குக் கோயில் மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். சாந்தோமிலிருந்து அமெரிக்கா போய் வந்தவர்கள் அப்போது எத்தனை பேர்? அங்கே எடுத்த படங்களையெல்லாம் திரையில் காட்டி ஒன்றரை மணி நேரம் பேசினேன். போய்ச் சேர்ந்தவன் கதைதான் சரித்திரம் என்று முடித்தபோது கைதட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அம்மா, "ஒரு போட்டோலகூட அவ சிரிக்கலியே" என்றாள். வெயில் கண்ணில் அடித்தது என்றேன்.

ரோஸ்லின் கல்யாணம் அடுத்த வருடம் நடந்தது. நீ வரவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் அம்மா பெயருக்கு உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு விதவைப் பெண்மணியின் உதவியோடு அந்த வீட்டைவிட்டு வெளியேறிவிட்டதாகவும், வேறு ஊரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். இடது காது இனிக் கேட்காது, அடிபட்டதில் சீழ் பிடித்து ரொம்ப நாளாகிவிட்டது, முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஒரே வரியில் முடித்திருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போயிருந்தப்ப உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியலியா?"

"தெரியலை."

அதை அவள் நம்பினாள். நம்பியதால்தான் உன்மேல் வருத்தப்பட்டு எழுதினாள்: பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று. நீ அனுப்பிய பதிலை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். 'சொல்லியிருக்க வேண்டும் அம்மா. என் தப்புதான்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். என்னைக் காட்டிக்கொடுக்க உனக்கு அரை வரி போதும். நீ எழுதவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. போன வருடம் அவள் படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல நேரமில்லாமல் இல்லை. மகள் தன்னை நம்பிச் சொல்லவில்லை என்ற குறையோடுதான் உன் அம்மா போனாள், ஸ்டெல்லா. அந்தக் குறை என்னுடையது. உனக்கு நான் செய்ததைவிட இது பெரிதா சிறிதா என்று யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

குப்பத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவை உனக்குத் தெரியும். அம்மா போன பிறகும் வாசலில் கூடையை இறக்கி, "இன்னா நைனா, பெரிய பொண்ணு எப்டி கீது?" என்று கேட்காமல் போக மாட்டாள். போன மாதம் அவள் மகளைப் பற்றி விசாரித்தேன். காசிமேட்டில் கட்டிக்கொடுத்த பெண். "எங்க ஊட்லதான் கீது. அந்தாளு குடிச்சிட்டு அடிச்சிக்கினே கீறான்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. மறுநா காலீல போய் இட்டாந்துட்டேன்" என்றாள். ஊர் என்ன சொன்னது என்று கேட்டேன். "ஊரு இன்னா சொல்லும்? ரெண்டு நாளு பேசிச்சு" என்று சொல்லிவிட்டு மீனை வெட்ட ஆரம்பித்தாள். நான் அங்கே நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன். அந்த மகள்தான் இப்போது மத்தியானம் வந்து எனக்குச் சமைத்து வைக்கிறாள். நான் பட்டினி கிடக்கவில்லை. இடுப்பு வலியும் குறைந்துவிட்டது. உன் முடிவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் அந்தப் பாறைப் பள்ளத்திலேயே இழந்துவிட்டேன். ஆனாலும் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறாய், ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன்னிடம் வந்து ஒரு பிள்ளை பாதி வார்த்தை பேசிவிட்டு நின்றால், மீதியை நீயே கேள். கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று பயந்துதான் நாம் கேட்காமல் இருக்கிறோம். நான் அப்படித்தான் இருந்தேன்.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. காலையில் கோயில் மணி அடிக்கும்போது வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தத்துக்கு ஏங்குகிறேன். ஆனால் உனக்குத் தேவைப்பட்டபோது வராதே என்று சொன்ன வாயால், எனக்குத் தேவைப்படும்போது வா என்று சொல்ல முடியவில்லை. கடமை என்று நினைத்து வராதே. நான் நல்ல அப்பா என்று நினைத்தும் வராதே. இதையெல்லாம் படித்த பிறகு உனக்கே இந்த ஊருக்கு வரத் தோன்றினால் வா, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அங்கேயே இருக்கத் தோன்றினாலும், எனக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிடத் தோன்றினாலும், நீ செய்வது சரியாகவே இருக்கும்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் ரோஸ்லினுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் தெரிய வேண்டியதுதானே. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். அடையாற்று இடத்தைப் பற்றிய பகுதி வந்ததும் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. படித்து முடித்ததும், "என் கல்யாணத்துக்காகவாப்பா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியபடி மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். உறையை நானே நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன் என்றேன். "வேணாம். நானே போடறேன். நீங்க கொண்டு போனா போடாம எடுத்துட்டு வந்துடுவீங்க" என்கிறாள். கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

அப்பா